பட்டா உள்ள நிலத்துக்குக் கணக்கு உண்டு. பட்டா இல்லாத உடலுக்கு?

இராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் ஒரு குரோமேட் ஆலை இருந்தது. தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்று பெயர். 1970களின் நடுவில் உற்பத்தியைத் தொடங்கி, 1990களின் நடுவில் மூடப்பட்டது. முதலாளிகள் போய்விட்டார்கள், கழிவு போகவில்லை. இரண்டு லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவு திறந்தவெளியில் குவிந்து கிடந்தது. மழை பெய்யும்போதெல்லாம் அது கரைந்து மண்ணுக்குள் இறங்கியது, நிலத்தடி நீரோடு கலந்தது. 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகில் மிக மோசமாக மாசடைந்த 10 இடங்களைப் பட்டியலிட்டபோது, செர்னோபிலோடு சேர்ந்து இராணிப்பேட்டையும் அதில் இருந்தது.

உலகத்துக்கே தெரிந்த இந்த இடத்தைச் சுற்றி வாழும் மக்களில் எத்தனை பேருக்கு என்ன நோய் வந்தது? எந்தத் தெருவில் அதிகம் வந்தது? எந்தச் சாதித் தெருவில்? இதைச் சொல்லும் தெருவாரியான, தொடர்ச்சியான, மக்கள் கையில் கொடுக்கப்பட்ட ஒரு மருத்துவக் கணக்கைத் தேடிப் பாருங்கள். கழிவின் எடை தெரியும். நிலத்தடி நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதற்குக்கூட விஞ்ஞானிகளின் வரைபடம் உண்டு. அந்த நீரைக் குடித்த உடல்களைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

தோழர்களே, இந்த இல்லாமை தற்செயலானது அல்ல. சுற்றுச்சூழல் பாதிப்பை மதிப்பிடும் முறைக்குள்ளேயே சாதி உட்கார்ந்திருக்கிறது. அது எங்கே, எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று நாம் கற்றுக்கொள்ளாதவரை, ஒவ்வொரு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்திலும் நம்மை ஒரு பக்க அறிக்கையை வைத்து மடக்கிவிடுவார்கள்.

எதை எண்ணினார்கள்?

வேலூர் தோல் ஆலை வழக்கை எல்லோரும் மேற்கோள் காட்டுவோம். 1991இல் தொடுக்கப்பட்டு, 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு. 'முன்னெச்சரிக்கைக் கோட்பாடு', 'மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்' என்ற இரண்டும் இந்த நாட்டின் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. நமக்கு அது பெரிய ஆயுதம், சந்தேகமே இல்லை.

ஆனால் அந்தத் தீர்ப்பில் பாதிப்பின் அளவாகப் பதிவானவை எவை என்று பாருங்கள். வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்குப்படி, தோல் ஆலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பாழானது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் இருந்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின. ஹெக்டேர் எண்ணப்பட்டது, கிணறும் எண்ணப்பட்டது. தீர்ப்புக்குப் பின் அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001இல் 29,193 பேரைப் பாதிக்கப்பட்டவர்களாகக் கண்டறிந்து, சுமார் 26.8 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. வகுத்துப் பாருங்கள். ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட வரவில்லை. அந்தக் கணக்குக்கும் மையமாக இருந்தது நிலமும் கிணறும்தான்.

இப்போது சேரியிலிருந்து இதைப் பார்ப்போம். கெட்டுப்போன கிணறு யாருடையது? பட்டாதாரருடையது. பாழான வயல் யாருடையது? அதுவும் அவருடையதுதான். அந்த வயலில் கூலிக்கு நாற்று நட்டு, அந்தக் கிணற்றுத் தண்ணீரையே தாகத்துக்குக் குடித்து, வயல் தரிசானதும் வேலையும் இழந்து, பிறகு அதே தோல் ஆலையில் சுண்ணாம்புக் குழியில் இறங்கிய பெண்ணுக்கு அந்த ஆவணத்தில் எந்தப் பத்தியில் இடம்? அவளிடம் இழப்பதற்கு நிலம் இல்லை. அவளிடம் இருந்தது உடல் ஒன்றுதான். உடல் கணக்கில் வராத வரைக்கும் அவள் 'பாதிக்கப்படாதவர்'.

பாதிக்கப்பட்ட விவசாயிக்கு இழப்பீடு கொடுத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்ததே அற்பம். நான் சொல்வது வேறு. சொத்தின் வழியாகப் பாதிப்பை அளந்தால், தலைமுறை தலைமுறையாகச் சொத்து மறுக்கப்பட்டவர்கள் பாதிப்பின் பட்டியலிலிருந்தும் விடுபட்டுப் போவார்கள். பஞ்சமி நிலத்தைப் பிடுங்கியவர்கள் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது நிலத்தை மட்டுமல்ல. 'எனக்கு நட்டம்' என்று அரசிடம் சொல்லும் தகுதியையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

நஞ்சு வேறு, ஆபத்து வேறு

மாணவத் தோழர்கள் ஒரு அடிப்படையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஓர் இடத்தில் நஞ்சு இருக்கிறது என்பதால் மட்டும் நோய் வராது. மூன்று கண்ணிகள் சேர வேண்டும்: நஞ்சு இருக்கும் இடம், அது பயணப்படும் வழி, அது போய்ச் சேரும் உடல். கழிவுமேடு முதல் கண்ணி. மழைநீர், நிலத்தடி நீர், தூசி, வேலை உடையில் ஒட்டி வீட்டுக்கு வரும் மண் ஆகியவை இரண்டாவது. மூன்றாவது நாம்.

குரோமியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு வகை முக்கியம். தோல் பதனிடுவதில் பயன்படும் மூவிணைதிற குரோமியம் ஒப்பீட்டளவில் நச்சு குறைந்தது. குரோமேட் ஆலைக் கழிவில் இருக்கும் ஆறிணைதிற குரோமியம் கொடியது. நீரில் எளிதாகக் கரையும், நிலத்தடியில் நெடுந்தூரம் பயணிக்கும், அளவு கூடினால் தண்ணீரை மஞ்சளாக்கும். மூச்சு வழியே போனால் நுரையீரல் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியாக நிறுவப்பட்ட உண்மை. தோலில் ஆறாத குழிப்புண், மூக்கின் நடுச்சுவரில் துளை போன்றவை குரோமேட் ஆலைத் தொழிலாளர்களிடம் நெடுங்காலமாகப் பதிவானவை. குடிநீரில் கலந்து எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் கொடுத்துப் பார்த்த அமெரிக்க அரசின் 2008 ஆய்வில், வாயிலும் சிறுகுடலிலும் கட்டிகள் வந்தன.

இந்தியக் குடிநீர்த் தரம் மொத்த குரோமியத்துக்குத்தான் வரம்பு வைத்திருக்கிறது, லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். கலிஃபோர்னியா 2024இல் ஆறிணைதிற குரோமியத்துக்கென்று தனியாக 0.01 மில்லிகிராம் என வரம்பு விதித்தது. ஆகவே 'தண்ணீரில் குரோமியம் வரம்புக்குள் இருக்கிறது' என்று ஓர் அதிகாரி சொன்னால், 'எந்த குரோமியம்?' என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

சராசரிக்குள் ஒளியும் சேரி

இரண்டாவது கேள்வி, 'எந்தக் கிணறு?'

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஒரு ஊராட்சியில் பத்து நீர் ஆதாரங்கள். ஊர்த்தெருவில் எட்டு, பள்ளத்தில் இருக்கும் காலனியில் இரண்டு. எட்டிலும் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் குரோமியம். காலனியின் இரண்டில் 0.2 மில்லிகிராம், அதாவது வரம்பைப் போல நான்கு மடங்கு. பத்தின் சராசரி எவ்வளவு? 0.048. வரம்புக்குள்! அறிக்கையில் 'ஊராட்சியின் சராசரி அளவு பாதுகாப்பானது' என்று எழுதலாம். அதில் ஒரு எண்கூடப் பொய் இல்லை. காலனிக் குழந்தைகள் மட்டும் நஞ்சைக் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

சேரி ஏன் பள்ளத்தில் இருக்கிறது, ஏன் ஊரின் கழிவுநீர் போகும் திசையில் இருக்கிறது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊரும் சேரியுமாகப் பிரித்து வைத்தது ஆலை அல்ல, சாதி. அந்தப் பிரிவினையின் மேல்தான் ஆலையின் கழிவுநீர் ஓடுகிறது. ஊரையும் சேரியையும் ஒரே புள்ளியாக வரைபடத்தில் குறித்து 'கிராமம்' என்று எழுதும் எந்த ஆய்வும், தெரிந்தோ தெரியாமலோ சேரியை மறைத்துவிடுகிறது.

மூன்றாவது கேள்வி, 'யாருடைய உடலை வைத்துக் கணக்குப் போட்டீர்கள்?' உலக சுகாதார நிறுவனத்தின் வழக்கமான கணக்கில் ஒரு பெரியவர் 60 கிலோ எடை, நாளைக்கு 2 லிட்டர் தண்ணீர் குடிப்பார். கிலோவுக்கு சுமார் 33 மில்லிலிட்டர். மே மாத வெயிலில் வேலூர்ப் பக்கம் செங்கல் சூளையிலோ வயலிலோ வேலை செய்யும் 50 கிலோ எடையுள்ள அக்கா 5 லிட்டர் குடித்தால், கிலோவுக்கு 100 மில்லிலிட்டர். அதே தண்ணீர், மூன்று மடங்கு நஞ்சு. 10 கிலோ எடையுள்ள குழந்தை 1 லிட்டர் குடித்தாலும் அதே மூன்று மடங்குதான். இதோடு சோகை, சத்துக்குறைவு, கர்ப்பம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் இருக்கும் 'சராசரி மனிதர்' நிழலில் வேலை செய்பவர். அவர் நம் தெருவில் குடியிருப்பதில்லை.

நான்காவது கேள்வி, 'எத்தனை வழிகளைச் சேர்த்தீர்கள்?' பகலில் தோல் ஆலையில் ரசாயனம், மாலையில் வீட்டுக் கிணற்றில் அதே ரசாயனம். ஆலைக்குள் நடப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் கோப்பு. கிணற்று நீர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கோப்பு. வந்த நோய் சுகாதாரத் துறையின் கோப்பு. கோப்புகள் மூன்று, உடல் ஒன்று. ஒவ்வொரு துறையும் தன் பங்கு வரம்புக்குள் இருப்பதாகச் சொல்லும். மூன்றையும் கூட்டிப் பார்க்கும் வேலை எந்தத் துறைக்கும் இல்லை.

'ஆதாரம் இல்லை' என்ற பதில்

'புற்றுநோய் அதிகரித்ததற்கு ஆதாரம் இல்லை.' இந்த வாக்கியத்தை நீங்கள் கட்டாயம் கேட்பீர்கள். இதற்குப் பதில் சொல்லத் தெரிய வேண்டும்.

ஒரு காலனியில் 800 பேர். ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவருக்கு வரக்கூடிய ஒரு நோய் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஆண்டுக்கு ஒருவருக்குக்கூட வராது என்பதே எதிர்பார்ப்பு. நஞ்சினால் அது இரட்டிப்பானாலும் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில், தற்செயலா நஞ்சா என்று புள்ளிவிவரத்தால் பிரித்துச் சொல்ல முடியாது. 'முடிவு சொல்ல முடியவில்லை' என்பதுதான் நேர்மையான வாக்கியம். அதை 'பாதிப்பு இல்லை' என்று மாற்றி எழுதுவது அரசியல்.

இதில் நமக்கும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. 'எரின் புரோக்கோவிச்' படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கலிஃபோர்னியாவின் ஹிங்க்லி என்ற சிற்றூரின் நிலத்தடி நீரில் ஆறிணைதிற குரோமியம் கலந்த வழக்கு. 1996இல் நிறுவனம் 333 மில்லியன் டாலர் கொடுத்து உடன்பாட்டுக்கு வந்தது. பிறகு அம்மாநிலப் புற்றுநோய்ப் பதிவேட்டை வைத்துப் பார்த்தபோது, அங்கே புற்றுநோய் எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிட அதிகமில்லை என்ற முடிவு வந்தது. 'பார்த்தாயா, எல்லாம் கதை' என்று நிறுவனங்களின் ஆட்கள் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். சிற்றூரில் எண்ணிக்கை போதாது என்பதும், ஊரைவிட்டுப் போனவர்களை இப்படிப்பட்ட பதிவேட்டால் பின்தொடர முடியாது என்பதும் அவர்கள் சொல்லாதவை.

ஆகவே நம் போராட்டத்தின் முழு எடையையும் 'இத்தனை பேருக்குப் புற்றுநோய்' என்ற ஒரே தூணின் மேல் ஏற்றி வைக்காதீர்கள். ஒவ்வொரு சாவையும் ஆலைக் கணக்கில் எழுதாதீர்கள். பத்தில் ஒன்று தவறென்று அவர்கள் நிரூபித்தால், மீதி ஒன்பதையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். 'எங்கள் குடிநீரில் இன்ன நஞ்சு, இந்தத் தேதியில், இவ்வளவு இருந்தது' என்பதை மறுக்க முடியாதபடி நிறுவுங்கள். அது போதும். நோயாளியாகிப் படுத்த பிறகுதான் சுத்தமான தண்ணீர் கேட்க உரிமை வரும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1996 தீர்ப்பே நிரூபிக்கும் பொறுப்பு ஆலை நடத்துபவனுடையது என்றுதான் சொல்கிறது. 'பாதிப்பு உண்டென்று நீ நிரூபி' என்று கூலித் தொழிலாளியிடம் கேட்கும் அதிகாரியிடம் அந்தத் தீர்ப்பை நீட்டுங்கள்.

மாசும் தீட்டும்

நம் மொழியில் இரண்டு சொற்கள் உண்டு, மாசு என்றும் தீட்டு என்றும். இந்தச் சமூகம் தீட்டைப் பற்றி அங்குலம் அங்குலமாக விதி வகுத்தது. மாசைப் பற்றி அதற்குக் கவலையே கிடையாது. 1927 மார்ச் 20 அன்று மகாத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். அதற்காக அந்தக் குளத்தில் சாணமும் கோமியமும் கலந்த பஞ்சகவ்யத்தை ஊற்றிச் 'சுத்தம்' செய்தார்கள். கை பட்ட தண்ணீருக்கு ஒரே நாளில் பரிகாரம் உண்டு. குரோமியம் கலந்த தண்ணீருக்கு முப்பது ஆண்டானாலும் இல்லை.

2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிந்தபோது நாடே கொதித்தது. கொதிக்க வேண்டியதுதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத நஞ்சு பல ஆண்டுகளாகக் காலனிக் கிணற்றில் கலந்தால், அதை 'சுற்றுச்சூழல் பிரச்சினை' என்று வேறு அலமாரியில் வைத்துவிடுகிறோம். பட்டியல் சாதி, பழங்குடியினர் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர் ஆதாரத்தைக் கெடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். ஆலைக் கழிவுக்கு அதைப் பொருத்த முடியுமா என்பது நீதிமன்றத்தில் வாதாட வேண்டிய கேள்வி. சட்டம் படிக்கும் தோழர்கள் அந்த வாதத்தைத் தயார்செய்ய வேண்டிய நேரம் இது.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் இதைச் செய்து காட்டினார்கள். 1982இல் வட கரோலினாவின் வாரன் கவுண்டியில், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதியில் நச்சு மண்ணைப் புதைக்க வந்தபோது, லாரிகளின் முன்னால் சாலையில் படுத்து மறித்தார்கள். 500க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். குப்பைமேட்டை அவர்களால் தடுக்க முடியவில்லை. ஆனால் அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1987இல் ஒரு திருச்சபை அமைப்பு நாடு முழுவதும் கணக்கெடுத்தது. நச்சுக் கழிவு நிலையங்கள் எங்கே அமைகின்றன என்பதை மற்ற எல்லாக் காரணிகளையும்விட இனம்தான் வலுவாகச் சுட்டுகிறது என்று நிறுவியது. அதுவரை 'உணர்ச்சி' என்று ஒதுக்கப்பட்ட பேச்சு அதன்பின் தரவாக மாறியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம். சிப்காட் வளாகங்கள், குப்பைக் கிடங்குகள், அனல்மின் நிலையச் சாம்பல் குளங்கள் ஆகியவற்றைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் அவர்கள் எத்தனை சதவீதம்? கணக்கெடுப்பின் கிராமவாரித் தரவு பொதுவில் கிடைக்கிறது. இதைச் செய்ய ஒரு கல்லூரி மாணவர் குழுவும் ஒரு கோடை விடுமுறையும் போதும்.

வேலையா, உயிரா?

'ஆலையை மூடினால் உங்கள் மக்களுக்குத்தானே வேலை போகும்?' என்று கேட்பார்கள். தோல் தொழிலில் நம் மக்கள், குறிப்பாகப் பெண்கள், நிறையப் பேர் வேலை செய்கிறார்கள் என்பது உண்மை. அதனால்தான் இந்தக் கேள்வி நம்மைச் சுடுகிறது. ஆனால் இராணிப்பேட்டை குரோமேட் ஆலை மூடப்பட்டபோது வேலையும் போனது, நஞ்சும் தங்கியது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்பவர்கள் கடைசியில் இரண்டையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

2015 ஜனவரி 31 அதிகாலை, இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கசடில் மூழ்கி, பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள். 'சுற்றியுள்ள மக்கள்' என்று ஆய்வறிக்கைகள் எழுதும்போது, இப்படி ஆலைக்குள்ளேயே படுத்துத் தூங்குபவர்கள் அதில் வருவார்களா? அவர்களையும் நம் கணக்கில் சேர்க்க வேண்டும். எண்ணப்படாதவர்களின் வலி நமக்குத் தெரியும்.

இனி என்ன செய்வது?

தெருவாரியாகக் கிணறு, அடிபம்பு, ஆழ்துளைக் கிணறு, தொட்டி எல்லாவற்றையும் குறித்து வரைபடம் போடுங்கள். எது எந்தத் தெரு மக்களுடையது என்று எழுதுங்கள். கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை மாதிரி எடுங்கள். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் மொத்த குரோமியம், ஆறிணைதிற குரோமியம் இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். மாதிரி எடுத்த நேரம், இடம், கையெழுத்து, புகைப்படம் எதையும் விடாதீர்கள். வாரியம் ஏற்கெனவே எடுத்த ஆய்வு முடிவுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், சராசரியாக அல்ல, இடவாரியாக. கிராம சுகாதார செவிலியரிடம் பேசுங்கள். எந்த வீட்டில் என்ன தொல்லை என்று எந்த நிபுணரையும்விட அவருக்கு அதிகம் தெரியும்.

மக்களை மாதிரிப் பொருளாக நடத்தாதீர்கள். எடுத்த தண்ணீரின் முடிவு முதலில் அந்த வீட்டு அம்மாவின் கைக்குத்தான் போக வேண்டும், அதன் பிறகுதான் பத்திரிகைக்கு. 'நோய்த் தெரு' என்று பெயர் ஒட்டிவிட்டால் அந்தத் தெருப் பிள்ளைகளுக்குப் பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்குவார்கள். ஏற்கெனவே ஒரு தீட்டைச் சுமப்பவர்கள் மேல் இன்னொன்றை ஏற்றாதீர்கள்.

கிராம சபையில் மூன்று கோரிக்கைகளைத் தீர்மானமாக வையுங்கள். ஆய்வு முடியும்வரை காத்திருக்காமல் இப்போதே வேறு நல்ல குடிநீர். தெருவாரியாக, சாதிவாரியாகப் பிரித்துக் காட்டும் உடல்நலக் கணக்கெடுப்பு. இழப்பீட்டுக்குப் பட்டாவை அல்ல, அங்கே வாழ்ந்ததையும் உழைத்ததையும் அடிப்படையாக வைப்பது.

நிலத்தின் மதிப்பை அளக்க இந்த அரசிடம் வழிகாட்டி மதிப்பு இருக்கிறது. கிணற்றின் ஆழத்தை அளக்கக் கயிறு இருக்கிறது. நம் அம்மாக்களின் உடலில் இறங்கியதை அளக்கும் கருவியும் விஞ்ஞானத்திடம் உண்டு. அதை எந்தத் தெருவுக்கு எடுத்துவருவது என்று முடிவு செய்யும் இடத்தில்தான் இன்னும் நாம் இல்லை. அந்த இடத்துக்குப் போங்கள் தோழர்களே, வேதியியல் படித்துப் போங்கள், சட்டம் படித்துப் போங்கள், மருத்துவம் படித்துப் போங்கள். போகும்போது காலனியின் வரைபடத்தைக் கையில் எடுத்துப் போங்கள்.

ஜெய் பீம்!